நானூறு வோல்ட் டிசி

தில்லை நகரில் ஜெயக்குமாரின் எலெக்ட்ரிக் கடை ஆறடி அகலம். அவன் வாய் அதைவிடப் பெரிது. அன்று பதினோரு மணிக்கு அந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

மேஜைமேல் ஒரு ஃபேன் கண்டென்சர் கிடந்தது. 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஏசி. ஸ்ரீரங்கத்தில் அழகிரி வீட்டு ஃபேனுக்கென்று நேற்று வாங்கிவைத்தது. இது இங்கே இருக்கிறதென்றால், காலையில் அங்கே மாட்டிவிட்டு வந்தது எது?

பழைய ஆம்ப்ளிஃபையர்களில் கழற்றிய சாமான் டப்பாவைத் திறந்தான். அதில் ஒன்று குறைந்தது. அதே கறுப்பு, அதே 2.5. மிச்சமிருந்த அதன் ஜோடியைத் திருப்பிப் பார்த்தான்: 400 வோல்ட் டிசி. ஏணியில் நின்று அரசியல் பேசிய அக்கறையில் கால்வாசி, எழுத்தைப் படிப்பதில் இருந்திருக்கலாம்.

பேட்டரி மாதிரி டிசி கரண்டுக்குச் செய்ததை, ஏசியான வீட்டுக் கரண்டில் போட்டால் உடனே வெடித்துத் தொலைக்காது. அதுதான் வினையே. ஃபேன் சமர்த்தாகச் சுற்றும். உள்ளே அது சூடேறி, உப்பி, உருகி, சமயத்தில் தீயும் பிடிக்கும். ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலில் அழகிரி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஆறு மாதமாக எழ முடியாது.

அவர் மனைவி பானுமதிக்கு போன் போட்டான். அடித்து அடித்து ஓய்ந்தது. "ரேஷன் கடைக்குப் போகணும் தம்பி, வெளியே பூட்டிட்டுத்தான் போவேன்" என்று காலையில் அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

காவிரிப் பாலத்தில் நெரிசல். பின்னால் தீயணைப்பு வண்டியின் சத்தம். ஒதுங்கி வழிவிட்டான். ரங்கநாதா, வேறே எவன் வீடாவது எரியட்டும் என்று நினைத்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். வண்டி மாம்பழச் சாலை தாண்டி நேரே திருவானைக்காவல் பக்கம் போனது. அவன் ஸ்ரீரங்கம் பக்கம் திருப்பினான்.

வீட்டுக் கதவில் பூட்டு. மறுபடி போன் போட்டான். மணி உள்ளேயிருந்து கேட்டது. யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கருகிய பிளாஸ்டிக் நாற்றம்.

வாசல் சுவரில் மீட்டர் பெட்டி. பியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. கண்டென்சர் இருக்கும் மேல் கிண்ணத்திலிருந்து நூல்போலப் புகை. கட்டிலில் அசைவில்லை.

"சார்! அழகிரி சார்!"

ஜன்னல் கம்பியைத் தட்டினான்.

"ஐயோ, சார்!"

"யார்றா அது, எழவு வீடு மாதிரி கத்துறது? இப்பத்தான் கண் அசந்தேன்."

ஜெயக்குமார் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான். "நான்தான் சார், ஃபேன்காரன்."

"கரண்ட் போயிடுச்சாப்பா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. எப்போதும் வருவதுதான்.

"இல்ல சார். பியூஸை நான்தான் புடுங்கினேன். காலையில மாட்டினது தப்பு. டிசி சாமான்."

அழகிரி ஃபேனைப் பார்த்தார். "எழுத்தைப் படிக்கலையா?"

"பேசிக்கிட்டே இருந்துட்டேன் சார்."

"எரிஞ்சிருந்தா நான் உருண்டுகூட விழுந்திருக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும் சார். அதான் ஓடியாந்தேன்."

"சரி, நல்லதை எடுத்தாந்தியா?"

ஜெயக்குமார் சட்டைப்பையைத் தடவினான். நல்லது கடை மேஜைமேலேயே இருந்தது.

"நீ உருப்பட மாட்டே" என்றார் அழகிரி. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. ஜெயக்குமார் வாசலில் கிடந்த அட்டையைக் கம்பிக்குள் நுழைத்து வீசத் தொடங்கினான்.

பானுமதி அரிசிப் பையோடு வந்து நின்றாள். "என்ன தம்பி, வித்தை காட்டுறீங்க?"

ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. பையை இறக்கினாள், பூட்டைத் திறந்து உள்ளே போய், கணவரின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"போய் எடுத்துட்டு வாங்க. மாட்டறதுக்கு முன்னாடி அவர் கண்ணுல காட்டணும். அவர் படிச்சு சரின்னு சொன்னாத்தான் ஏணியில ஏறணும்."

"சரிக்கா."

ஜெயக்குமார் ஸ்கூட்டரைக் கடைப் பக்கம் திருப்பினான்.