சென்சார் இஸ் நாட் வொர்க்கிங்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் அடிக்கும் கம்பெனி ஒன்றில் சனிக்கிழமைதோறும் நான் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் என் மாணவன் மதனின் மூன்று விரல்களை பிரஸ் மெஷின் நசுக்கிவிட்டது. இன்று மேனேஜர் தணிகைவேல் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, மதனின் இங்கிலீஷில் தப்பு கண்டுபிடிக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தவேண்டிய சென்சார் பழுது என்று, விபத்துக்கு முன்பே மதன் சூப்பர்வைசருக்கு வாட்ஸப் அனுப்பியிருந்தான். எதையும் இங்கிலீஷில்தான் அனுப்ப வேண்டும் என்பது தணிகைவேல் போட்ட சட்டம். "ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே, சென்சார் இஸ் நாட் வொர்க்கிங்."

"டோல்ட் பாஸ்ட், இஸ் பிரசன்ட். ஒரே வாக்கியத்துல எப்டி மேடம் வரும்? தப்புன்னு எழுதிக் குடுங்க. புரியாத இங்கிலீஷ்ல அனுப்பிச்சான், அதான் யாரும் கவனிக்கலன்னு முடிச்சிடலாம்."

முடித்தால் பழி மதன் தலையில் விழும். வேலையும் போகும், நஷ்டஈடும் போகும். விரல் போனவனுக்கு இலக்கணப் பரீட்சையா? அட பாவி மனுஷா!

"வரும் சார். சொன்னது முடிஞ்சிபோச்சு, கோளாறு இன்னும் இருந்தா 'இஸ்'தான் சரி."

"கோளாறா? அவன் சொன்ன அன்னிக்கே ரிப்பேர் பண்ணியாச்சு மேடம்."

"அப்ப வாங்க, பாத்துடலாம்."

அதே மெஷினில் இப்போது செல்வி வேலை செய்துகொண்டிருந்தாள். ஷிப்ட் தொடங்கும்போது துடைப்பக்குச்சியை உள்ளே நீட்டிப் பார்ப்பது இங்குள்ள ஆபரேட்டர்களின் பழக்கம். சென்சார் நன்றாக இருந்தால் மெஷின் இறங்காது.

"காட்டு செல்வி."

குச்சியை நீட்டிக்கொண்டே பெடலை மிதித்தாள். டமாரென்று இறங்கியது. குச்சி நசுங்கி நார்நாராகிவிட்டது.

"டெய்லி இப்டித்தான் மேடம். சொன்னா ஊட்டுக்குப் போன்னு சொல்றாங்க. இன்னா பண்றது, பயந்துகினே ஓட்டிகினு கீறேன்."

தணிகைவேல் கூசாமல் சொன்னார்: "சென்சார் குச்சிய கண்டுபிடிக்காது மேடம். கையதான் கண்டுபிடிக்கும்."

"அப்டியா? உங்க கைய நீட்டுங்க சார். செல்வி பெடல மிதிக்கட்டும்."

அவருடைய இரண்டு கைகளும் பேண்ட் பாக்கெட்டுக்குள் போயின.

செல்வி அவரையே பார்த்தாள். பெடலிலிருந்து காலை எடுத்து மெஷினை அணைத்தாள்.

"உன் கைய வெக்க மாட்ட. என் கைய மட்டும் வெக்கணுமா சார்?"