நியாண்டர்தால் சுருளி

எனக்கு இரண்டு பேர் மேல் கோபம். ஒருவர் எப்போதோ செத்துப்போன பிரெஞ்சுக்காரர். இன்னொருத்தி என் பக்கத்து நெரை சித்ரா. அந்த ஆளையாவது மன்னித்துவிடுவேன்.

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஒவ்வொருத்திக்கும் காலையில் ஒரு நெரை, ஒரு வரிசைச் செடி, பிரித்துவிடுவார்கள். செடிகளுக்கு நடுவில் இறங்கினால் சாயங்காலம் வரைக்கும் அதுதான் உலகம். பதினாறு வருஷமாக என் நெரைக்கு அடுத்தது சித்ராவுடையது. என்னைவிட எட்டு வயது சின்னவள், கை வேகம். முந்தின வருஷ மழையில் நான் சறுக்கி விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் முதுகு நிமிரவே இல்லை. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆகாதவள் என்று எழுதிவிடுவார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

சித்ராதான் காப்பாற்றினாள். தன் நெரையை முடித்துவிட்டு, என் நெரையின் மறுமுனையிலிருந்து எடுத்துக்கொண்டே வருவாள். நடுவில் சந்திப்போம். எடுத்ததை என் சாக்கில் கொட்டிவிட்டு, "வாயத் தொறந்துறாதீகக்கா" என்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் பத்தாவது பாஸான பெண்களில் ஒருத்தியை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக ஆபீசில் சொன்னார்கள். சாக்கு தூக்க வேண்டாம், குனிய வேண்டாம். என் முதுகுக்கு அதைவிட என்ன வைத்தியம்? படிப்பை விட்ட பெரியவர்கள் பத்தாவது எழுதுகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தோம். சித்ராவைப் பாதி ஞாயிறு வீட்டில் விட மாட்டார்கள். நான் கேட்டுவந்த பாடத்தை நெரையில் நின்று அவளுக்குச் சொல்வேன். அவள் எனக்குக் கணக்கு சொல்லித் தருவாள்.

ஒரு ஞாயிறு ஜோமோள் டீச்சர், அழிந்துபோன ஒரு மனித இனத்தைப் பற்றிச் சொன்னார். நியாண்டர்தால். ஜெர்மனியில் எலும்பு கிடைத்த பள்ளத்தாக்கின் பெயராம் அது. ஒரு பாவமும் அறியாத பெயர். பிறகு பிரான்சில் ஒரு கிழவனின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரப் படிப்பாளி, இவர்களெல்லாம் கூன் விழுந்து, முட்டி மடங்கி, குரங்குபோல நடந்தவர்கள் என்று எழுதிவிட்டார். பேப்பரில் படமும் போட்டார்கள். மூளை இல்லாதவனைத் திட்ட ஊர் உலகத்துக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து வேறு டாக்டர்கள் பார்த்தால், கிழவனுக்கு மூட்டுவாதம்! ஒரு நோயாளியின் முதுகைப் பார்த்து ஒரு இனத்தையே முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு வகுப்பிலேயே கண் கலங்கிவிட்டது. மறுநாள் நெரையில் சித்ராவிடம், "அந்தக் கெழவன் நாந்தான்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கக்கா" என்று சொல்லி, என் சாக்கில் இன்னும் இரண்டு கை கொழுந்து போட்டாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டு பேரும் பாஸானோம். மார்க் எனக்குத்தான் கூட. மலையாளி மேனேஜர் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டு, என் காகிதத்தையே புரட்டிக்கொண்டிருந்தார்.

"சுருளியம்மாள்தான் சீனியர், அல்லே?" என்றார்.

"அக்கா எங்க நியாண்டர்தால் சார்" என்று சித்ரா சிரித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது என்ன?"

"குனிஞ்சா நிமிர மாட்டாக சார். ஒரு வருசமா அவுக நெரையில பாதி நாந்தான் எடுக்கேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மேஜையைப் பார்த்தாள். என்னை முதுகில் குத்தினாள் என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. நான் நம்பிக் காட்டிய இடமே அதுதான். வெளியே வந்ததும், "எனக்கும் புள்ளைக இருக்குல்லக்கா" என்றாள். 

வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு, அடுத்த மாசம் எஸ்டேட் டாக்டரிடம் முதுகைக் காட்டச் சொல்லி ஒரு காகிதம் வந்தது. நியாண்டர்தால் என்கிற பேர் மட்டும் அன்றைக்கே எனக்கு முன்னாடி லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. எடை போடுகிற பெரியமுத்துவிடம் ஒருநாள், "அப்படின்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "கூனி, மக்கு, ஒண்ணுக்கும் ஆகாதவ. அதானே?" என்றான். பிரெஞ்சுக்காரருக்கு அப்படிச் சொல்ல எலும்பாவது கையில் இருந்தது.

நேற்று என் சாக்கு பாதிகூட நிறையவில்லை. பெரியமுத்து தராசில் மாட்டி, "நியாண்டர்தால், பதினோரு கிலோ!" என்று கத்தினான். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எடையை எழுத நோட்டுப் புத்தகத்தோடு நின்ற சித்ராவும் சிரித்தாள்.

"சித்ரா, அந்தப் பாடத்துல ஒண்ணு உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். "அந்தக் கெழவனுக்கு வாயில பாதிப் பல்லு கெடையாது. நடமாடவும் ஏலாது. அப்படியும் ரொம்ப நாள் உசுரோட இருந்துருக்கான். யாரோ திங்கக் குடுத்து, கூடவே வச்சுப் பாத்துருப்பாகன்னு சொல்றாக. அப்படிப் பாத்தவுகளும் நியாண்டர்தால்தான்."

சிரிப்பு நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒரு வருசம் நீயும் நியாண்டர்தாலாத்தான்டி இருந்த. இப்பத்தான் மனுசியாயிட்ட."

அவள் கையில் பேனா அப்படியே நின்றது.

"எழுது" என்றேன். "பதினொண்ணு."