மரு என்று எழுதிய குப்பி

மூக்கு போனதை முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்கிவிட்டது என்று எந்த லாரி டிரைவராவது முதலாளியிடம் போய்ச் சொல்வானா? அந்தக் கதைதான்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தாணு பிள்ளை ஹோட்டலில் பதினெட்டு வருஷமாக நான்தான் சாம்பார். பேச்சிமுத்து என்றால் யாருக்கும் தெரியாது. தாணு பிள்ளை கடைச் சாம்பார் என்றால் நாகர்கோவில் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். கரண்டியை நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. ஆவியை மோந்தாலே உப்புக்கூடத் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். அந்த வாய்க்குத்தான் ஆண்டவன் ஆப்பு வைத்தான்.

கொரோனா இரண்டாவது சுற்றில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் படுத்துவிட்டு எழுந்து போய்ச் சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு போட்டேன், கறிவேப்பிலை போட்டேன். சத்தம் மட்டும்தான் வந்தது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரிந்தன. மற்றதெல்லாம் மூக்கு போட்ட பிச்சை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் கையளவை நம்பி ஓட்டினேன். பிறகு ஒரு நாள் பெருங்காயத்தை இரண்டு தடவை போட்டுத் தொலைத்தேன். தாணு பிள்ளை அடுக்களைக்குள் வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், அதட்டாமலேயே ஆளை நடுங்க வைப்பார். ஒரு சட்னிக் கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது எப்படிவே இருக்கு?"

"நல்லாத்தான இருக்கு மொதலாளி."

"நேத்து வச்ச சட்னிவே. அஞ்சு நிமிசமா எனக்குக் குமட்டுகு."

அவர் என்னை விரட்டவில்லை. காய் வெட்ட உட்கார வைத்தார். தோசைக் கல்லில் நின்ற ஜெயகுமார் என் கரண்டியை எடுத்தான். "மூக்கு வந்தா வாரும், கரண்டி உமக்குத்தான்" என்றார் முதலாளி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் பீன்ஸ் நறுக்குகிற ஒவ்வொரு நாளும் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

என் மனைவி சுடலைமாடத்தி கிழக்கேகோட்டையில் ஒரு பூக்கடையில் பூக்கட்டுகிறாள். தோவாளையில் இருந்து வரும் பூவோடு கட்டுக்கட்டாக, மாலையில் சேர்த்துக் கட்டுகிற மரு இலையும் வரும். மல்லிகை வாசனை கையைக் கழுவினால் போய்விடும். மரு அப்படியில்லை, சோப்புப் போட்டாலும் விரலை விடாது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் கரமனை வீட்டுக்கு வாசனை என்றால் அவள் கையில் இருக்கும் மருதான். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் யாரோ ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. கரண்டி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் கடைக்கு ஒரு டாக்டரம்மா வந்து கிலோக் கணக்கில் மரு வாங்கியிருக்கிறார். எந்தச் சாமிக்கு இவ்வளவு என்று மாடத்தி கேட்க, "சாமிக்கில்லை, மூக்குக்கு" என்றாராம். அப்படித்தான் நான் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன்.

டாக்டர் அனந்தலக்ஷ்மி ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மிளகு, கிராம்பு, ஏலம், மரு என்று வாசனைச் சரக்குகளை ஆராய்கிறவர். காய்ச்சலில் மூக்கு போனவர்கள் தினமும் இரண்டு வேளை இந்த நான்கின் எண்ணெயையும் மோந்து பழகினால் மணம் திரும்புமா என்று பார்க்கிறார்.

"மத்த மூணும் சரி. மருவ எதுக்கும்மா சேத்தீங்க? அது தலையில வைக்கதுல்லா?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல அதைக் கறியிலதான் போடுவா, பேச்சிமுத்து. சூப்புலயும் போடுவா" என்று சிரித்தார். பிறகு மலையாளத்தில் அடித்திருந்த காகிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். "மொத்தம் அறுபத்துநாலு பேர். பாதிப் பேருக்கு நிஜ எண்ணெய், பாதிப் பேருக்கு மணமில்லாத வெறும் எண்ணெய். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. எல்லாம் ஒட்டின கவர்ல இருக்கு, ஆறு மாசம் கழிச்சுத்தான் பிரிக்கணும். இன்னொண்ணு, ஆத்துல வேற யாரும் குப்பியைத் திறந்து மோந்து பாக்கப்படாது. மனசிலாச்சா?"

மனசிலாச்சு என்று கையெழுத்துப் போட்டேன். பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய் என்று அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. அந்தப் பாதி வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வந்த அறுபத்துநாலு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எனக்கு முப்பத்தொன்று என்று நம்பர் போட்ட ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே நான்கு குப்பிகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

மாடத்தி அந்தப் பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். யாரும் திறக்கக் கூடாது என்று அவளிடமும் சொன்னேன். மறுநாள் ஏனோ அவள் பேச்சைக் குறைத்திருந்தாள். கடையில் வேலை அதிகம் போல என்று விட்டுவிட்டேன்.

காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, பெயரைப் படித்து, அந்த மணத்தை நினைத்துக்கொண்டு, இருபது எண்ணும்வரை மோக்க வேண்டும். மோந்ததும் நோட்டில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாடத்தி பக்கத்தில் நின்று கேட்பாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"வரும்."

மூன்று மாசம் இதுதான் எங்கள் குடும்பப் பேச்சு. நான்காம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் மரு என்று எழுதிய குப்பியை மூக்கில் வைத்துப் பன்னிரண்டு எண்ணியிருப்பேன். வந்துவிட்டது. மெலிசாக, கொஞ்சம் கசந்து, அடியில் ஒரு இனிப்போடு. மருவேதான். நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ஞானபாய் அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

மாடத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பொம்பிளைக்குச் சந்தோஷம் வந்தாலும் அழுகை, துக்கம் வந்தாலும் அழுகை என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம் கெடக்குல்லா. முடிஞ்ச பெறவு மொதலாளிட்டப் போங்க."

"ஏட்டி, நீ எனக்குப் பொண்டாட்டியா, சத்துருவா?" என்று சீறினேன். அன்றைக்கே போய்த் தாணு பிள்ளை முன்னால் நின்றேன். அவர் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்துக்கு என் வாய்ச்சொல் போதும் என்று நினைத்திருப்பார். ஜெயகுமார் முகம் கோணாமல் தோசைக் கல்லுக்குத் திரும்பினான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அடுக்களையில் எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. குப்பியில் மரு மட்டும்தான் வந்தது. மரு வந்த வழியில் மற்றதும் வராமலா போகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதை முதலாளியிடம் மறைத்தது என் தப்புதான்.

ஒன்பதாவது நாள் காலை எட்டு மணி, நல்ல கூட்டம். பெரிய அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நின்று, வெந்துகொண்டிருந்த பருப்பில் காயைக் கொட்டப் போனேன். தாணு பிள்ளை தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஜெயகுமாரும் ஓடி வந்து அடுப்பை அணைத்தான். நான் மேல் பருப்பைத்தான் கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அடியில் இரண்டு விரல்கடைக்குக் கரியாக இருந்தது.

"வே பேச்சிமுத்து, தீஞ்ச நாத்தம் ரோடு வரைக்கும் வருகு. சாப்பிட வந்தவன் எந்திச்சுப் போறான். நீரு அண்டாவுக்கு மேல நிக்கீரு!"

"மொதலாளி, மரு மணக்குது. சத்தியமா மணக்குது."

"மருவ வச்சா சாம்பாரு வைக்கோம்?" அவர் குரல் உயரவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. "கரண்டிய வச்சிட்டு வீட்டுக்குப் போவும். காய் வெட்டுகதுக்கும் ஆள் போட்டாச்சு."

போய்விட்டேன். அதன் பிறகு குப்பி ஒன்றுதான் எனக்குப் பிடிமானம். வேலையில்லாதவனுக்கு நேரத்துக்கா பஞ்சம், இரண்டு வேளை மோந்ததை நான்கு வேளை ஆக்கினேன். மரு ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. மற்ற மூன்றும் வரவில்லை.

ஆறு மாசம் முடிந்ததும் டாக்டரம்மா ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார். நான் போனபோது அவர் மேசையில் கவர்கள் பிரித்துக் கிடந்தன. அவர் முகம் வாடியிருந்தது.

"ஒக்காருங்கோ, பேச்சிமுத்து. முப்பத்தொண்ணாம் நம்பர் வெறும் எண்ணெய்."

"நாலுமா?"

"நாலும்."

"மருவுமா?"

"மருவும்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "இல்லம்மா. எனக்கு மணத்துச்சு. இன்னைக்குக் காலைலகூட மணத்துச்சு. நீங்க கவர மாத்திப் போட்டுட்டீங்க" என்றேன்.

"நீங்க பொய் சொல்றேள்னு நான் சொல்லவே இல்லை. பேரைப் படிச்சு, அதையே நெனச்சு, மாசக் கணக்கா மோந்தா ஓர்மையே, அந்தப் பழைய ஞாபகமே மணமாட்டம் வந்துடும். மனசுல இருக்கற மருதான் அது. குப்பியில இல்லை."

முப்பத்தொன்று என்று போட்ட கவரை எடுத்து நானே பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அப்ப நெச எண்ணெய் வாங்குனவங்களுக்கு மூக்கு வந்துட்டுதாம்மா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அவாளுக்கும் உங்களுக்கும் ஒரு வித்யாசமும் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். மூணு வருஷம் இதுக்காக ஓடினேன். பலிக்கலைன்னு தெரிஞ்சுக்கறதும் ஆராய்ச்சிதான்."

"உங்களுக்கு அது ஆராய்ச்சிம்மா. எனக்கு?"

நிஜ எண்ணெய்ப் பெட்டி ஒன்று வேண்டுமானால் தருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் மூக்கு திரும்புவது கஷ்டம் என்று கடைசியாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் அவரைத் திட்டலாம் என்று இருந்தேன், மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். மாடத்தி தரையில் உட்கார்ந்து கல்யாண வீட்டு மாலைக்கு மருவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் குப்பியை வைத்தேன்.

"மோந்து பாரு."

"டாக்டரம்மா கூடாதுன்னாங்கல்லா?"

"எல்லாம் முடிஞ்சாச்சு. மோந்து பாரு."

அவள் குப்பியைத் தொடவில்லை. மடியில் கிடந்த மருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத நாளே பாத்துட்டேன். மூடி சரியா இருக்கான்னு தொறந்தேன். ஒண்ணுங் கெடயாது. நாலையும் பாத்தேன்."

"ஆறு மாசமாத் தெரியுமா?"

"மறுநாளு காலைல சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க பாட்டு முனங்கிட்டே குப்பிய எடுத்தீங்க. காய்ச்சலுக்குப் பெறவு அன்னைக்குத்தான் ஒங்க வாயில பாட்டு வந்துச்சு. என்னன்னு சொல்ல?"

அடித்துவிடுவேன் என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அண்டாவுக்கு முன்னால் போய் நின்றிருக்க மாட்டேன். இன்றைக்கும் காய் வெட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். தினமும் இரண்டு வேளை வந்துச்சா வந்துச்சா என்று கேட்டாளே பாவி. கேட்டுவிட்டு வரும் வரும் என்றாளே.

"மரு வருதுன்னு கத்துனீங்கல்லா," என்றாள், "அப்ப நான் வேற ஒண்ணு நெனச்சேன். நான் பக்கத்துலதான நின்னேன்? குப்பி இல்ல, என் கைதான் மணக்கோ என்னவோன்னு."

எனக்கு அது தோன்றியதே இல்லை. டாக்டரம்மாவுக்கும் தோன்றியிருக்காது. அவள் கையைப் பிடித்து இழுத்து மூக்கில் வைத்தேன். காலையில் இருந்து மரு கிள்ளிய கை, விரல் நுனியெல்லாம் பச்சையாக இருந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மோந்தேன், ஏதோ வருகிற மாதிரி இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. இதுவும் ஓர்மைதானா?

அவளுக்கும் அதே நினைப்பு போல. எழுந்து போய் இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள்.

"திரும்பி உக்காந்து கண்ண மூடுங்க. ஒண்ணுல கசக்கிப் போடுதேன். ஒண்ணு சும்மா."

கண்ணை மூடினேன். பின்னால் இலை கசக்குகிற சத்தம் கேட்டது. கையைத் துணியில் துடைக்கிற சத்தமும் கேட்டது. முதல் டம்ளர் மூக்குக்கு வந்தது. இருபது எண்ணினேன். இரண்டாவது வந்தது. இருபது எண்ணினேன். இரண்டிலும் ஒரே காற்று, எவர்சில்வர் குளிர்ச்சி. ஒரு பொட்டு வித்தியாசம் இல்லை.

"மொதல்லயா, ரெண்டாவதா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"ரெண்டாவது" என்றேன்.

தெருவில் ஒரு ஆட்டோ வந்து, நின்று, திரும்பிப் போனது. அதுவரைக்கும் அவள் பேசவில்லை.

"சரிதான்" என்றாள்.

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சொன்ன குரல் அது. நான் கண்ணைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தேன்.