மேல் ரொட்டி

மாதப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொன்னது தப்பு. அவன் கோபம் இருந்தது வலது கையில். வாய் ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கும். வெள்ளக்கடை ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஓட்டு வீட்டில், அந்தக் கையோடுதான் கண்ணாயி வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தினாள். அடி விழும்போது அவள் நகரமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை விலகப்போய், வீசிய கை காற்றில் போனதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டாள். அதிலிருந்து, வருவது வரட்டும் என்று நின்ற இடத்தில் நிற்கப் பழகிவிட்டாள்.

அந்தக் கை சும்மா கிடக்கிற காலம் ஒன்று உண்டென்றால் அது ஐப்பசி. மழையும் மூடுபனியும் சேர்ந்து எதிர்மலையை மறைத்துவிடும் மாதம். அறுத்த சாமை வீட்டுக்கு வந்திருக்கும். ஆவணியில் காயாகப் பறித்து வைக்கோலில் புதைத்த பேரிக்காய் மஞ்சள் பூத்துக் கிடக்கும். கண்ணாயி புதுச் சாமையை இடித்து மாவாக்கி, வெல்லமும் நெய்யும் மலை வாழைப்பழமும் போட்டுப் பிசைவாள். பேரிக்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, கைக்கு அடக்கமாக உருட்டி இரும்புச் சட்டியில் அடுக்குவாள். அடியில் இளநெருப்பு, மூடியின் மேல் காப்பி விறகுத் தணல். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் எஸ்டேட் பங்களாவில் பாத்திரம் தேய்த்தபோது, அங்கே கேக் வேகிறதைப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்ட வித்தை. சாமையும் பேரிக்காயும் அவளே சேர்த்தது. பேரிக்காய் ரொட்டி என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வாசனை கிளம்பினால் மாதப்பன் அடுப்படிக்கு வந்து பூனை மாதிரி ஒடுங்கி உட்கார்ந்துகொள்வான். அப்போது அவனைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். அந்தப் பாவம்தான் அவளைக் கெடுத்தது.

புதுத் தானியத்தில் சுட்ட முதல் சட்டி ரொட்டி அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். மாதப்பனின் அண்ணன் வெள்ளையனுக்கு வேலிக்கு அந்தப்பக்கம் காடும் வீடும். அவன் மனைவி பொன்னாயி. கண்ணாயி தட்டில் அடுக்கிக் கொண்டுபோனால், பொன்னாயி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரொட்டியை எடுத்து, உடைக்காமல், கொண்டுவந்தவள் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். அது செய்தவளுடைய பங்கு. அது அவள் கைக்குப் போன பிறகுதான் அந்த வீட்டில் யாரும் மற்றதைத் தொடுவார்கள். இந்த வீட்டுக்கு அங்கிருந்து எது வந்தாலும் இதே முறைதான். மாமியார் காலத்திலிருந்து இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவில் நடந்துவரும் வழக்கம். அடுப்படியோடு முடிந்துபோகிற சங்கதியை ஆம்பளைகள் எதற்குத் தெரிந்துகொள்ளப்போகிறார்கள்? திரும்பி வரும் அந்த மேல் ரொட்டியைக் கண்ணாயி ஒரு வருஷமும் தின்றதில்லை. கொண்டுவந்து மாதப்பனுக்கு வைத்துவிடுவாள். தட்டில் மேலாக இருப்பது எப்போதும் வீட்டு ஆம்பளைக்கு என்று அவனும் நினைத்துக்கொண்டு தின்றான்.

எண்பத்து நாலாம் வருஷம் வேலியோரத்துப் பேரிமரம் சண்டையைக் கொண்டுவந்தது. நிழல் காப்பிச்செடியில் விழுகிறது என்று வெள்ளையன் ஒரு கிளையை வெட்டினான். மாதப்பன் கேள்வி கேட்கவில்லை, கல்லை எடுத்து அண்ணன் நெற்றியில் போட்டான். வெள்ளையன் வழிகிற ரத்தத்தைத் துடைக்காமலே வந்து, தம்பியை வேலியோடு சாய்த்துவைத்துக் குத்தினான். மாதப்பனுக்கு முன்பல் போயிற்று. இந்த வருஷம் அண்ணன் வீட்டுக்கு ஒரு துண்டு போகக்கூடாது என்று கண்ணாயிக்குக் கட்டளை வந்தது.

அவள் சுட்ட முதல் சட்டியை மாதப்பன் எடுத்துப்போனான். காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கப்போவதாகச் சொன்னான். அவுட்டுக்காய் என்றால் தீனிக்குள் மறைத்த வெடி. கடித்த மாத்திரத்தில் வாயோடு வெடிக்கும். ஒவ்வொரு ரொட்டியையும் அடியில் கீறி, மருந்தை வைத்துக் கட்டி, கீறலை வெல்லப்பாகு பூசி மூடினான். பன்றி சாமைக்காட்டைக் குடைந்துகொண்டிருந்தது உண்மை என்பதால் அவளும் வாயைத் திறக்கவில்லை. அவன் வைத்ததென்னவோ அண்ணன் வேலியை ஒட்டி.

காலையில் பொன்னாயியின் செவலைப் பசு அதில் ஒன்றைக் கடித்தது. கண்ணாயி வருஷம்பூராவும் வேலிக்கு மேலாகப் பேரிக்காய்த் தோலும் ரொட்டித் துணுக்கும் ஊட்டி வளர்த்த பசு. அந்த வாசனையை நம்பித்தான் அது வாயை வைத்திருக்கிறது. சத்தம் கேட்டு அவள் ஓடிப்போனபோது அதற்குக் கீழ்த்தாடை இல்லை. விழவும் இல்லை. அவளைப் பார்த்ததும் எப்போதும்போல வேலிக்கு வந்து, இல்லாத வாயை நீட்டியது. தண்ணீர் குடிக்க வழியில்லாமல் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு அப்புறம்தான் விழுந்தது. பொன்னாயி மண்ணை வாரித் தூற்றினாள். கண்ணாயி அதை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் சட்டியைக் கவிழ்த்துவைத்தாள்.

"என் கையால செஞ்சது இனி ஒரு உசுரையும் எடுக்கக்கூடாதுங்க. சேர்வராயன் சாமி மேல சத்தியம்" என்றாள்.

மாதப்பன் சட்டியின் இரும்பு மூடியை எடுத்தான். முதல் அடியில் புருவம் பிளந்தது. இரண்டாவதில் தோள்பட்டை இறங்கிவிட்டது. வழக்கம்போல அவள் நகரவில்லை. ஆனால் மறுநாளும் அடுப்பில் சட்டி ஏறவில்லை, அதற்கு மறுநாளும் ஏறவில்லை. அவன் அடித்துச் சலித்தானே தவிர அவள் மாவில் கைவைக்கவில்லை. அந்த வீட்டில் அவள் ஜெயித்த முதல் சண்டை அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து மாதப்பன் தானாகவே இறங்கிவந்தான். குரல் தாழ்ந்திருந்தது. பசு போனது தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டான். அண்ணன் தம்பிக்குள் எத்தனை காலம் முறைத்துக்கொண்டு இருப்பது, ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணன் மனசு இளகும் என்றான். கண்ணாயிக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிய தோளோடு ஒற்றைக் கையால் மாவு பிசைந்தாள். கடைசிப் பேரிக்காய்களை வைக்கோலிலிருந்து தேடி எடுத்தாள். ரொட்டி வெந்து வந்த நிறத்தைப் பார்த்ததும், பட்டதெல்லாம் பறந்துபோன மாதிரி இருந்தது அவளுக்கு.

சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாதப்பனே தட்டில் அடுக்கி, வாழையிலை போட்டு மூடிவைத்திருந்தான். அடுப்படிச் சாமானைத் தொட்டறியாதவன். திருந்திவிட்டான் என்றே அவள் நம்பினாள்.

"குடுத்துட்டு ஓடியாந்துராத புள்ள. அண்ணன் திங்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு வா" என்றான்.

வெள்ளையன் வாசலில் கொடுவாளுக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. பொன்னாயி வெளியே வந்து தட்டைப் பார்த்தாள், ஓரகத்தியின் பிளந்த புருவத்தைப் பார்த்தாள், தோள்கட்டைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். அவளுடைய சின்ன மகள் பார்வதி ஓடிவந்து இலையை விலக்கி மேல் ரொட்டிக்குக் கையை நீட்டினாள். பொன்னாயி அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"மேல இருக்கறது சின்னம்மாளுக்கு. உனக்குத் தெரியாதா கண்ணு?"

மற்ற ரொட்டிகளைத் தன் முறத்துக்கு மாற்றிவிட்டு, மேல் ரொட்டியை மட்டும் தட்டில் வைத்து இலையால் மூடிக் கண்ணாயியிடம் நீட்டினாள். வெள்ளையன் ஒன்றை எடுத்துக் கடித்தான். வெகுநேரம் மென்றான். ருசி கொஞ்சமும் மாறவில்லை என்று மனைவியிடம் சொன்னான், கண்ணாயிக்குக் கேட்கும்படியாக. மாதப்பன் சொன்னபடி பக்கத்தில் நின்று, அண்ணன் தின்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு அவள் கிளம்பினாள்.

வேலி தாண்டும்போதுதான் கைக்குத் தெரிந்தது. ஒற்றை ரொட்டிக்குத் தட்டு இப்படி அழுந்தாது. அவள் மாவு பஞ்சு மாதிரி இருக்கும். இலையை விலக்கி, விரல் படாமல் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் வெல்லப்பாகுக் கீறல் பளபளத்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் பார்வதியின் கை ஞாபகம் வந்தது. அடுத்தது அவன் சொல்லி அனுப்பிய வார்த்தை. அண்ணன் தின்னும்போது பக்கத்திலேயே நில்லு. அண்ணனோடு அவளையும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறான். பிணம் பேசாது, சத்தியம் பண்ணாது, சட்டியைக் கவிழ்த்துவைக்காது. பக்கத்தில் ஓடை போய்க்கொண்டிருந்தது. ரொட்டியை அதில் அமுக்கியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அத்தனை வருஷமும் வராத கோபம் அவளுக்கு அன்றைக்கு வந்துவிட்டது. அவன் முகத்துக்கு நேராகக் கேட்காமல் விடக்கூடாது என்று எழுந்து நடந்தாள்.

மாதப்பன் வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தான். வரவேண்டிய சத்தம் வரவில்லை. அவள் முழுசாக வந்து நின்றதும் பேயைக் கண்டவன் போல ஆனான். அவள் தட்டை அவன் முன்னால் மெதுவாக வைத்தாள்.

"அக்கா குடுத்துச்சுங்க. மேல் ரொட்டி. சாப்புடுங்க."

"அத அண்ணன் திங்கலயா?"

"மேல் ரொட்டி செஞ்சவளுக்குத்தானுங்க வரும். எப்பவுமே அப்படித்தான். நீங்க வருசா வருசம் தின்னது என்னோட பங்கு."

அவன் வாய் திறந்தபடி இருந்தது. பல் போன இடம் கறுப்பாகத் தெரிந்தது.

"பார்வதி கைய நீட்டுச்சுங்க" என்றாள் கண்ணாயி. "நானு உங்க அண்ணங்கிட்டப் போயிச் சொல்லப்போறனுங்க" என்று திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

அவன் ரொட்டியைத் தூக்கினான். தடயத்தை ஒளிக்கத்தான் எடுத்திருப்பான், அதில் சந்தேகமில்லை. அவள் வாசற்படியில் காலை வைத்ததைப் பார்த்ததும் அந்தக் கைக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. தன் விரலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மறந்து ஓங்கியது.

கண்ணாயி விலகினாள். கல்யாணமான புதிதில் விலகியதற்கு அப்புறம் இதுதான். ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாள், அவ்வளவே. கை வாசல் கல்தூணில் போய் மோதியது.

ஓடுகள் எகிறின. புகை கலைந்தபோது அவளுக்குக் காது கேட்கவில்லை. சுவரெல்லாம் பேரிக்காய்த் துணுக்கும் ரத்தமும். மாதப்பன் தரையில் கிடந்து, மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லாத கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அவள் சேலை முந்தியைக் கிழித்து, பல்லால் இழுத்து, அந்தக் கையை இறுகக் கட்டினாள். சத்தியம் பண்ணியிருந்தாள், அதனால் கட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

சத்தம் கேட்டு வெள்ளையன் கொடுவாளோடு ஓடிவந்தான். வந்தவன் அதைப் போட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ஓர் எஸ்டேட் ஜீப் கிடைத்தது. மலை வளைவுகளில் ஜீப் இறங்கும்போது கண்ணாயி எல்லாவற்றையும் சொன்னாள். பசுவை, தட்டை, பார்வதி கையை. தம்பியின் தலை வெள்ளையன் மடியில் இருந்தது. கேட்டு முடித்ததும் அவன் இரண்டு கையும் தம்பியின் கழுத்துக்குப் போயின. விரல்கள் இறுகின. மாதப்பன் கண்விழித்துப் பார்த்தான். அடிவாரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளையன் கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் பன்றி வெடி என்று எழுதிக்கொண்டார்கள். அதை யாரும் மறுக்கவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு கண்ணாயி சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தட்டை இலைபோட்டு மூடிக் கொண்டுபோனாள். பேரிக்காய் முடிந்துவிட்டது, பொன்னாயி கொடுத்த பரங்கிக்காயைத் துருவிப் போட்டிருந்தாள். சுட்டதும் பொன்னாயி வீட்டு அடுப்பில்தான். ஓடு போன வீட்டுக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை.

மாதப்பன் கட்டிலில் ஒடுங்கிப் படுத்திருந்தான். இலையை விலக்கியதும் அதே வாசனை எழுந்தது. அவன் முகம் வெளுத்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். ரொட்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். இடது கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டான்.

"மேல இருக்கறது உனக்குத்தான" என்றான் கடைசியில். "நீ மொதல்ல தின்னு."

கண்ணாயி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேல் ரொட்டியை எடுத்து, உடைக்காமல், அப்படியே வாயில் வைத்துக் கடித்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் நிதானமாக மென்றாள். வெல்லம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, நெய் மணத்தது. தன் பங்கு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முழுசையும் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மீதி ரொட்டிகளை அவன் இடது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு மலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள்.