இனியாவின் ஊதாப் புல்

நடவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வரிச்சிக்குடியில் என்னைத்தான் தேடி வருவார்கள். முப்பத்தைந்து வருடம் சேற்றில் நின்றவன் நான். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

என் மகள் இனியா பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, புதுச்சேரி நர்சரியிலிருந்து ஒரு தொட்டிப் புல்லை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஊதா நிற இலை, அணில்வால் மாதிரிப் பூ. வாசல் சுவரோரம் மணலைக் கொட்டி மேடாக்கி நட்டாள்.

"வயல்ல புல்லு புடுங்கியே இடுப்பு ஒடியுது. நீ புல்ல விலை குடுத்து வாங்கிட்டு வர்றியா?" என்று கேலி செய்தேன்.

"சிரிங்கப்பா, சிரிங்க. இது விதையில முளைக்காது. நடுத்தூரு காஞ்சா தோண்டிப் பிரிச்சு நடணும். தண்ணி மட்டும் தேங்கக் கூடாது, கேட்டுக்கங்க."

"அடி போடி, எனக்கே நடவு சொல்லித் தர்றியா?"

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் போய்விட்டாள். இருபத்து மூன்று வயது. கடவுளுக்குக் கண் இருக்கிறதா என்று இன்றைக்கும் கேட்கிறேன்.

அதன்பிறகு என் மனைவி பூங்கொடி என்னோடு பேசுவதெல்லாம் சாப்பிட வாங்க என்பதோடு சரி. விடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு அந்தப் புல்லிடம் போவாள். இலையைக் கோதிவிட்டபடி ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். அது ஒன்றுதான் அவளை நடமாட வைத்தது.

வைகாசியில் தூரின் நடுப்பகுதி காய்ந்தது. "புள்ள வச்சதும் போயிடுமாங்க?" என்று கேட்டாள். அந்த வாரமே, அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று பத்து நாள் சுரக்குடிக்குப் போனாள். அவள் வருவதற்குள் இனியா சொன்னபடி பிரித்து நட்டு, ஒன்றைப் பலவாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தூரை மொத்தமாகத் தோண்டி எடுத்து அரிவாளால் பதினான்காகப் பிளந்தேன். நாற்றங்காலில் மிச்சம் வைத்து எனக்குப் பழக்கமில்லை. மேட்டை வெட்டிச் சமமாக்கி, சின்னதாக வரப்பு கட்டி, சேறு குழப்பி, கயிறு பிடித்து வரிசையாக நட்டு, இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தினேன். மூன்றாம் நாள் இலை வெளுத்தது. நட்ட பயிர் முதலில் வெளுக்கும், அப்புறம் பச்சை பிடிக்கும். எனக்குத் தெரியாததா? இன்னும் தண்ணீர் விட்டேன். எட்டாம் நாள் ஒன்றைத் தொட்டேன், வேரில்லாமல் கையோடு வந்தது. ஒரே அழுகல் வாடை. பதினான்கும் அப்படித்தான். ஐயோ, என் கையாலேயே எல்லாம் போயிற்று.

பூங்கொடி வந்து பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள்.

"நாத்து மாதிரி நட்டுட்டேன் பூங்கொடி."

"ஒண்ணே ஒண்ணாவது விட்டு வச்சிருக்கக் கூடாதாங்க?"

பையோடு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் பழைய வழக்கப்படி செம்போடு போனாள். ஒன்றுமில்லாத அந்தச் சேற்றில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"போதும்மா, ஊத்தாத. தண்ணி தேங்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்பது என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்க வேண்டும். செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.