மேளத்துக்குப் பின்னால் ஒரு ஜப்பான் கார்

அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீட்டார் மாங்காட்டில் நாதசுரத்துடன் காத்திருக்க, மாப்பிள்ளை ரகுநாதனோ காட்டுப்பாக்கத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் காரின் இன்ஜினுக்குள் தலையை நுழைத்திருந்தான்.

அது பழைய ஜப்பான் கார். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. நெடுஞ்சாலையில் சீறிப் பாயும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, குளிர்சுரம் கண்டதுபோல் உதறி நின்றுவிடும். ஊர்வலமோ மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊர்ந்து செல்ல வேண்டியது. மணப்பெண் பார்வதம், மாப்பிள்ளை சொந்தக் காரில் வருவார் என்று தெரு முழுவதும் சொல்லியிருந்தாள்.

அவளுடைய அண்ணன் உத்தமன் வேடிக்கை பார்க்கவே வந்திருந்தான்.

“இன்னா மச்சான், கார் டான்ஸ் ஆடுது? வழியில நின்னா எங்க டிராக்டர்ல ஏறிக்கோ.”

“நிக்காது.”

“நிக்கலன்னா, மண்டபம் வரிக்கும் நான் நடந்துகினே உனக்குக் கொடை புடிக்கிறேன்!”

“மஞ்சக் கொடையா எடுத்துகினு வா.”

குமணன்சாவடி மெக்கானிக் கோதண்டம் பிளக்குகளை மாற்றிவிட்டார். இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியையும் திருகிப் பார்த்துவிட்டார். “அம்பாசிடரா இருந்தா அரைத் திருப்புல அடங்கிடும், நைனா. இது திருப்பத் திருப்பத் தும்முது!” மட்கார்டின்மேல் அவர் வைத்திருந்த காப்பி டம்ளர் கடகடவென்று ஆடியது.

அப்போது ரகுநாதனின் அத்தை சொர்ணம், சாம்பிராணி புகையும் தூபக்காலுடன் வந்தாள்.

“யக்கா, பெட்ரோல் வண்டிகிட்ட நெருப்பா!” என்று பதறினார் கோதண்டம்.

“எங்கண்ணன் மவன் காருக்குக் கண்ணு பட்டுகீது. தள்ளு!”

கோதண்டம் மணல் வாளியுடன் காவல் நிற்க, அவள் எட்ட நின்றே புகையைச் சுற்றினாள். புகை எங்கும் பரவியது. ஓர் இழை மட்டும் வளைந்து, இன்ஜினின் பின்புறத்து ரப்பர் குழாய் ஒன்றின் ஓரத்தில் விறுவிறுவென்று நுழைந்து மறைந்தது.

“அத்தே, அசையாத!” ரகுநாதன் அந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினான். உதறல் நின்று இன்ஜின் சீராக ஓடியது, டம்ளரும் ஆடாமல் நின்றது.

“அம்மன் ஏத்துக்கினா!” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குழாயில் மயிரிழை வெடிப்பு. இன்ஜின் அதன் வழியே கணக்கில் சேராத காற்றை இழுத்திருக்கிறது. பெட்ரோல் அதற்கு ஈடாக வரவில்லை. கோதண்டம் வெடித்த முனையை வெட்டியெறிந்து குழாயை மீண்டும் செருகி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினார்.

ஊர்வலம் புறப்பட்டது. கோதண்டம் ஓட்ட, ரகுநாதன் மாலையுடன் பின்னால் அமர்ந்திருந்தான். கோயில் தெரு முனையில் ஊர்வலம் நிற்க, மேளமும் ஓய்ந்தது. உத்தமன் காதைத் தீட்டினான். சத்தமே இல்லை.

“நின்னுச்சுடா! இட்டுகினு வா டிராக்டர!” என்று காருக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி ஆடினான்.

கோதண்டம் ஹாரனை அழுத்தினார். உத்தமன் துள்ளிப்போய்த் தவில்காரரின் மேலேயே விழாத குறை. கார் பூனைபோல் நகர்ந்தது.

மஞ்சள் குடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக நடந்தவனைக் கண்டு, மண்டபத்து மாடியில் நின்ற பார்வதம் சிரித்த சிரிப்பில் தலைப்பூ நழுவித் தெருவில் விழுந்தது.

“அண்ணாத்தே, கை வலிக்குது. சீக்கிரம் ஓட்டு!” என்று உத்தமன் கெஞ்சினான்.

“இன்னும் ஸ்லோவாகூடப் போவும், பாக்கிறியா?” என்றார் கோதண்டம், அப்படியே ஓட்டியும் காட்டினார்.