கம்ப்யூட்டர் ரூமுக்குப் போன க்ரீம் பிஸ்கட்

ஒரகடம் பக்கத்து அந்த பிரேக் ஷூ கம்பெனியில் 1991-இல் ஏசி ஓடிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று எம்.டி. அறை, இன்னொன்று யுனிக்ஸ் சர்வர் குடியிருந்த கம்ப்யூட்டர் ரூம். எம்.டி. அறைக்குள் செருப்போடு போகலாம். கம்ப்யூட்டர் ரூமுக்குள் போக முடியாது. கம்ப்யூட்டர் பிரிவான இ.டி.பி.யின் மேனேஜர் ரகுபதியின் உத்தரவு.

டெஸ்பாட்ச் கிளார்க் மதிவதனிக்குச் செருப்பில்லாமலும் அங்கே அனுமதி இல்லை. சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து, லாரிகளுக்கு சலான் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. சர்வரில் தொடங்கும் கறுப்பு கேபிள் ஸ்டோர்ஸைச் சுற்றி வந்து அவள் மேஜையில் முடியும்.

இரண்டு மாதமாக அந்த லைனுக்கு ஒரு வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். கால் மணி, சில நாள் அரை மணி. வாசலில் லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்தித் தள்ளுவார்கள். பிறகு தானாகவே சரியாகிவிடும். மெட்ராஸிலிருந்து வந்த என்ஜினியர் ஜெபகுமார் சர்வரின் நெட்வொர்க் கார்டை இரண்டு தடவை மாற்றினார். அவர் இருந்தவரை அது சமர்த்தாக ஓடியது.

"கார்டு மேல தப்பில்லன்னு தோணுதுங்க. எப்பெப்ப நிக்குதோ குறிச்சு வையுங்க" என்று மதிவதனியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரகுபதிக்குக் குறிப்பெல்லாம் தேவைப்படவில்லை. 'முறையான பயிற்சியற்ற விரல்களே காரணம்' என்று ஒரு மெமோ கொடுத்தார். வெள்ளிக்கிழமையோடு மதிவதனிக்கு ஆறு மாத புரொபேஷன் முடிகிறது. அதற்குள் வியாதி தீராவிட்டால் அவளை கன்ஃபர்ம் செய்யப் போவதில்லை என்றும் அதில் இருந்தது.

அந்த விரல்கள் டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவை. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்தவள் அவள். வேலை போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அந்த ஒரு வரியைத்தான் பொறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குத் திரை மறுபடி உறைந்தது. நோட்டில் பன்னிரண்டாவது தடவை என்று எழுதினாள். அப்போதுதான் கேன்டீன் மரகதம் டீயோடு வந்தாள்.

"இன்னிக்கும் லேட்டாக்கா?"

"நான் இன்னா கண்ணு பண்றது? அந்த ரகுபதி சாரோட கம்ப்யூட்டர் ரூமுக்கு விருந்தாளிங்க வந்துகீறாங்க. அவுங்களுக்குன்னா க்ரீம் பிஸ்கட்டு, முந்திரி. உனக்கும் எனக்கும் மேரி பிஸ்கட்டே ஜாஸ்தி."

மதிவதனி டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, க்ரீம் பிஸ்கட் எந்தெந்த நாள் போச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? தட்டு போற நேரம் போட்டு சீட்டுல கையெழுத்தே வாங்கி வச்சுகீறேன். ஒண்ணு கொறஞ்சாலும் என் தலையில கட்டிடுவானுங்க."

மடியிலிருந்து சீட்டுக் கட்டு வந்தது. நோட்டில் பன்னிரண்டு. சீட்டும் பன்னிரண்டு. தேதி ஒன்றுகூடப் பிசகவில்லை. தட்டு உள்ளே போன பத்தாவது நிமிஷம் திரை உறைந்திருக்கிறது.

பிஸ்கட்டால் சர்வர் நிற்காது. அதைத் தின்கிறவர்களுக்கு ரகுபதி உள்ளே எதைக் காட்டுகிறார்?

விடுவிடுவென்று போய்க் கம்ப்யூட்டர் ரூம் கதவைத் தள்ளினாள். பேங்க் அதிகாரிகள் இரண்டு பேர் வெறுங்காலோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் எம்.டி.யும் இருந்தார். ரகுபதி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சின்ன உலோக மூடி ஒன்றை ஏந்தி நின்றார்.

"பாக்க சின்னதுதான் சார். ஆனா மொத்த கம்பெனியும் இது கையில இருக்கு." அப்போதுதான் அவளைப் பார்த்தார். "செருப்பு! செருப்பு!"

"சார், மொதல்ல அந்த மூடிய கேபிள்ல மாட்டுங்க."

"வாட்?"

"அது கேபிளோட ரெண்டு முனையிலயும் இருக்கணும் சார். இல்லன்னா சிக்னல் முட்டித் திரும்பி வரும். போறதும் வர்றதும் மோதி லைனே நின்னுடும். வாசல்ல மூணு லாரி நிக்குது."

"மாட்டுங்க ரகுபதி" என்றார் எம்.டி.

மாட்டினார். சற்று நேரத்தில் இன்டர்காம் அடித்தது. டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் எல்லப்பன். "மதி, அங்கயாம்மா இருக்க? லைன் வந்துடுச்சு, பிரிண்டர் ஓடுது!"

"இப்ப கழட்டுங்க" என்றார் எம்.டி.

"அட, மறுபடி நின்னுடுச்சும்மா!"

மூன்று தடவை கழற்றி, மூன்று தடவை மாட்டினார்கள். இவ்வளவு சுவாரஸ்யமான சுற்றுலாவை பேங்க்காரர்கள் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் கண்ணை எடுக்காமல் முந்திரியைத் துழாவினார்.

"இதைத்தான் சார் நான் டெமான்ஸ்ட்ரேட் பண்ணிட்டிருந்தேன்" என்றார் ரகுபதி.

"ரெண்டு மாசமாவா?" என்று கேட்டார் எம்.டி.

ரகுபதி மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றார் எம்.டி.

"மெமோவுல விரல் பத்தி ஒரு வரி இருக்கு சார். அதை அடிச்சுடணும்."

வெள்ளிக்கிழமை கன்ஃபர்மேஷன் ஆர்டர் வந்தது. மெமோவில் அந்த வரியின் மேல் ரகுபதியின் கையாலேயே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. சர்வர் லாக் புத்தகத்தில், கோளாறுக்குக் காரணம்: 'பார்வையாளர் சார்ந்த சூழல் இடையூறு'. கண்டுபிடித்தவர்: மதிவதனி. எழுத்து எறும்பு அளவுதான் இருந்தது. அவள் நன்றாகக் குனிந்து, இரண்டு தடவை படித்தாள்.

போகும்போது ஸ்டோர்ஸில் கிடந்த உபரி மூடி ஒன்றை ரகுபதியின் மேஜைமேல் வைத்தாள். "காட்டுறதுக்கு இத வச்சுக்குங்க சார்."

அடுத்த வாரம் மரகதம் தட்டோடு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போகிற வழியில் டெஸ்பாட்ச் பக்கம் ஒதுங்கினாள். "எடுத்துக்க கண்ணு."

"சீட்டுல கொறையுமே அக்கா?"

"உன் பேரையும் சேத்துதான் போட்டுகீறேன்."

மதிவதனி இரண்டு எடுத்துக்கொண்டாள். ஒரு கையால் க்ரீமைப் பிரித்துக்கொண்டே மறு கையால் சலான் அடித்தாள். கம்ப்யூட்டர் ரூமில் யாரோ "அடேயப்பா!" என்றார்கள். லைன் நிற்கவில்லை.